கழிமுகத்துக்கு மருத்துவர்

தங்கவயலில் பிறந்தவனுக்குக் கடல் ஏது, கழிமுகம் ஏது என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். எங்கள் ஊர் கடலிலிருந்து நெடுந்தொலைவில் மேட்டு நிலத்தில் இருக்கிறது. ஆயினும் எங்கள் முன்னோர் நெடுங்காலம் குடித்து வளர்ந்தது பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர். அது பாலாற்றுத் தண்ணீர். நந்தி மலைப் பக்கம் தோன்றும் அந்தப் பாலாறு, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நடந்து, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலைச் சேர்கிறது. ஆகவே கழிமுகத்தைப் பற்றிப் பேச எனக்கும் ஓர் உரிமை உண்டு. உரிமையினும் பெரிதாக ஒரு கடமையும் உண்டு. அதனை முடிவில் சொல்லுகிறேன்.

கழிமுகம் என்பது யாது? ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் கைகோக்கும் இடம். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆற்று நீரிலோ மிகமிகக் குறைவு. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் இவ்விரண்டும் கலக்கின்றன. அந்தக் கலப்பு நீரே இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். சேற்றில் வேரூன்றி நிற்கும் சுரபுன்னை முதலிய மரங்கள் அத்தொட்டிலுக்கு வேலி.

இத்தகைய இடம் நோயுற்றால் யாரிடம் யோசனை கேட்பது? அறிவியலறிஞரிடந்தான். கழிமுகங்களைக் காப்பதற்கு அரசினர்க்கும் ஊராருக்கும் ஆலோசனை கூறுவது உலகின் பல நாடுகளில் இன்று ஒரு தனிப் பணியாகவே வளர்ந்திருக்கிறது. அவ்வறிஞர் என்ன செய்கிறார் என்பதற்கு நமது பிச்சாவரமே நல்ல சான்று.

வெள்ளாறு கடலைச் சேரும் இடத்துக்கும் கொள்ளிடம் சேரும் இடத்துக்கும் நடுவே இருப்பது பிச்சாவரம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் 1970-கள் வரை அக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே தழைக்கும் என்பது எண்ணம். தழைக்கவில்லை, பல இடங்கள் பொட்டலாயின. பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? மாடு மேய்த்தவர்மேலும், விறகு வெட்டிய ஏழைகள்மேலும்!

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அங்குள்ள மண்ணையும் நீரையும் ஆராய்ந்தனர். உண்மை வேறாக இருந்தது. நிழல் போனதும் சேற்று நிலத்தில் வெயில் நேரே விழுந்தது. ஈரம் வற்றிய மண் அமிழ்ந்து, தொட்டிபோல் குழிந்தது. ஓதத்தில் உட்புகுந்த கடல்நீர் திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மிஞ்சியது. ஆண்டுதோறும் இப்படி உப்பேறிய நிலத்தில் எந்தக் கன்று பிழைக்கும்? குற்றம் மாட்டின் வாயில் இல்லை. காட்டை வெட்டிய முறையில் இருந்தது.

நோய் விளங்கியதும் மருந்தும் விளங்கிற்று. குழிந்த நிலத்தினூடே பெரிய வாய்க்கால் ஒன்று. அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்போல் தோன்றும். ஓதம் அவற்றின் வழியே நாள்தோறும் வந்து மீண்டது. வரும்போது ஈரம் தந்தது, மீளும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போயிற்று. அதன் பின்னரே கன்று நட்டார்கள். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து உழைத்தார்கள். வாய்க்கால் தூர்ந்தால் தூர்வார வேண்டும். அதனால் ஊராரின்றி இவ்வேலை நிலைக்காது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, 1986-க்கும் 2002-க்கும் இடையில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியிருக்கக் கண்டனர்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. படம் எடுத்துக்கொள்வதற்காகக் கன்று நடுவோர் பலர். கன்று ஏன் சாகிறது என்று முதலில் கேட்பவரே ஆலோசகர். அந்தக் கேள்வி மரத்தை மட்டுமன்று, வீண்பழி சுமந்த மனிதரையும் காப்பாற்றியது.

ஆனால் இம்மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. வாய்க்கால் கடல்நீரை வெளியேற்றும். ஆற்றுநீரைக் கொண்டு வராது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தது; அணைகளும் பாசனமும் பெருகப் பெருகக் கொள்ளிடத்தின் வழியே கடலுக்குச் செல்லும் நன்னீர் குறைந்தது. உப்பைத் தாங்கும் மரங்களே பிச்சாவரத்தில் மிகுந்தன, தாங்காதவை அருகின. கழிமுகத்தின் நோய்க்கு ஒரு வேர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது.

இனி என் கடமைக்கு வருகிறேன். பாலாறு பெரும்பாலான நாள்களில் மணலாறாகவே கிடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் பதனிடும் கழிவு அதில் கலந்ததைப் பற்றி 1996-இல் உச்சநீதிமன்றம் பெயர்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்றது. தொடக்கத்தில் இருக்கும் நாங்களும் தப்ப முடியாது. எங்கள் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் மூடப்படவில்லை. காற்றடித்தால் அத்தூள் வீட்டு அடுப்படி வரை வருகிறது. கொட்டியது கொட்டிய இடத்திலேயே கிடக்காது என்பதைத் தங்கவயலாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சங்க நண்பர்களே! வரும் விடுமுறையில் பேத்தமங்கலத்திலிருந்து வயலூர் வரை ஆற்றோடு சென்று வருவோமா? வேதியியல் மாணவர் நீரை அளக்கட்டும். விலங்கியல் மாணவர் உயிர்களை எண்ணட்டும். தமிழ் மாணவர் கரையோரத்து முதியவர் சொல்வதைக் கேட்டு எழுதட்டும். ஆலோசனை சொல்லும் தகுதி நமக்கு இன்னும் வரவில்லை. கேள்வி கேட்கும் தகுதியை இப்போதே தேடிக்கொள்ளலாம் அன்றோ?