பாட்டு நன்றாக இருக்கிறது, விலைபோகுமா?

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குடுமியான்மலை. அங்குள்ள பாறையில் சுர வரிசைகளைக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் வயது சுமார் 1300 ஆண்டுகள். ருத்திராசாரியாரின் மாணவரான ஓர் அரசர், கற்போரின் நன்மைக்காக இதை அமைத்தார் என்று கல்வெட்டே கூறுகிறது. சுரங்களைக் கோக்கும் முறையைப் பாறையில் எழுதி வைக்கலாம். அப்படிக் கோத்த பாட்டு ஊராருக்குப் பிடிக்குமா என்பதையும் எழுதி வைக்க முடியுமா?

இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தான் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். தானே எழுதி மெட்டமைத்த பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். "கேட்ட எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள், சார். ஒலிப்பதிவுக்கும் வீடியோவுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகுமாம். அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். பாட்டு எடுபடுமா, சார்?"

எனக்கும் பாட்டு பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒருவருடைய விருப்பம் அளவீடு ஆகாது. கேட்டவர்கள் எல்லாரும் அவனுடைய நண்பர்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டே மற்றவரும் சொல்லியிருக்கிறார்கள். இதில் எத்தனை பங்கு பாட்டுக்கு, எத்தனை பங்கு நட்புக்கு?

எட்டு உலகங்கள்

இதே கேள்வியை அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் சோதனைக்கு உட்படுத்தினர். முடிவு 2006-இல் வெளியாயிற்று. அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கலந்துகொண்டனர். விரும்பிய பாட்டைக் கேட்கலாம்; மதிப்பெண் போடலாம்; பிடித்தால் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பிரிவினருக்குப் பாடல், குழு இவற்றின் பெயர்கள் மட்டுமே தெரியும். மற்றவர்களை எட்டு 'உலகங்'களாகப் பிரித்தார்கள். தம் உலகில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதும் இவர்களுக்குத் தெரியும். எட்டு உலகங்களிலும் எண்ணிக்கை சுழியில்தான் தொடங்கியது. பாட்டின் தரமே வெற்றியைத் தீர்மானிக்கும் என்றால், எட்டிலும் ஒரே பாட்டு முதலில் வந்திருக்க வேண்டும் அல்லவா?

அப்படி நடக்கவில்லை. தனியாகக் கேட்டவர்களிடம் 26-ஆம் இடம் பெற்ற ஒரு பாட்டு, ஓர் உலகில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகில் 40-ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டது! மிக நல்ல பாடல்கள் பெரும்பாலும் மோசமாகத் தோற்கவில்லை. மிக மோசமானவை பெரும்பாலும் வெல்லவில்லை. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நேரலாம் என்றாயிற்று.

காரணம் எளியது. தொடக்கத்தில் தற்செயலாக நாலு பேர் ஒரு பாட்டை எடுக்கிறார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து நாற்பது பேர் எடுக்கிறார்கள். மலைச் சரிவின் உச்சியில் நிற்கும் உருண்டைக் கல்லைப் போன்றது இது. சிறு காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கம் உருண்டு வேகம் பிடிக்கும்.

நம் ஊர் மேடை

நம் மாவட்டத்துக்காரரான செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் பல ஆண்டுகள் கிராமிய மேடைகளில் பாடியவர்கள். 2018-இல் விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' பட்டம் செந்தில் கணேஷுக்குக் கிடைத்தது. இருவரும் பாடிய 'சின்ன மச்சான்' 2019-இல் வெளியான 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இடம்பெற்று ஊரெங்கும் ஒலித்தது.

திருவிழா மேடையும் ஒரு சோதனைக்கூடம்தான். ஒவ்வோர் ஊரும் புதிய கூட்டம். பிடிக்காவிட்டால் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே தாட்சண்யம் கிடையாது. ஆனால் அதே மேடைகளில் அதே திறமையோடு பாடி, வெளியே தெரியாமலே போனவர்கள் எத்தனை பேர்? வென்றவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தவறிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவனுக்கு ஒரு சோதனை சொன்னேன். பிரபலமாகாத நான்கு பாடல்களைத் தேர்ந்தெடு. உன் பாட்டையும் சேர்த்து ஐந்து. எல்லாவற்றையும் கைப்பேசியில் ஒரே தரத்தில் பதிவு செய். உன்னை அறியாத 20 பேரிடம், தனித்தனியாக, வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டு. யார் பாட்டு என்று சொல்லாதே. "இன்னொரு முறை எதைக் கேட்பீர்கள்?" என்று மட்டும் கேள்.

ஐந்தும் சமம் என்றால், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 4 பேர் கிடைப்பார்கள். 6 பேர் கிடைத்தால் மகிழ வேண்டாம். 6 அல்லது அதற்கு மேல் தற்செயலாகவே கிடைப்பதற்கு நூற்றில் ஏறத்தாழ 20 வாய்ப்பு உண்டு. 9 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். அது தற்செயலாக நேரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றே.

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தருகே இரண்டு நாள் அலைந்து வந்தான். கிடைத்தது 6. முகம் வாடிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தான். "பல்லவி வருவதற்குள் பாதிப் பேர் வேறு பக்கம் பார்க்கிறார்கள், சார். முன்னிசை நீளம்." நண்பர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை!

இந்தச் சோதனையில் 9 வந்தாலும் வெற்றி உறுதியாகாது. நம் பாட்டு மோசமான கூட்டத்தில் இல்லை என்பது மட்டுமே தெரியும். மீதி, உருண்டைக் கல்லின் கதை. ஆகவே இழந்தால் தாங்கக்கூடிய பணத்தை மட்டுமே பாட்டில் போட வேண்டும். ஒரே பாட்டில் ஒன்றரை லட்சத்தைக் கொட்டுவதைவிட, சிறு செலவில் பத்துப் பாட்டுகளை வெளியிடுவது மேல்.

உரிமையை விடாதீர்கள்

இன்னொன்றும் இதிலிருந்து புலனாகும். நாளைய மதிப்பு யாருக்கும் தெரியாது என்றால், இன்றே சொற்ப விலைக்கு முழு உரிமையையும் எழுதிக் கொடுப்பது பேதைமை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துவிட முடியாதபடி, 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கையெழுத்திடும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

மாணவன் முன்னிசையைப் பாதியாகக் குறைத்துவிட்டான். இந்த ஆண்டு ஊர்த் திருவிழாவில் பாடப்போகிறானாம். அவன் பாட்டு எடுபடுமா? எனக்குத் தெரியாது. அவன் அம்மாவின் வளையல் மட்டும் அவர் கையிலேயே இருக்கிறது.