ஒரே குழாயில் வந்த வினை

ஓடுபாதையில் விமானம் வேகமெடுக்கும்போது காக்பிட்டில் ‘வி-ஒன்’ என்று ஒரு குரல் கேட்கும். அதற்கு முன் எஞ்சின் பழுதானால் பிரேக் போட்டு நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் எழும்பித்தான் ஆக வேண்டும். நிற்பதற்குப் பாதை போதாது. எடை, பாதையின் நீளம், ஈரம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் இந்த வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு எஞ்சின் போனாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கே நிற்கிறது.

அதற்காகவே இரண்டுக்கும் தனித்தனி பம்பு, தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கணினி. ஆனால் டாங்கிகளில் நிரம்புவது ஒரே குழாயிலிருந்து வரும் எரிபொருள். அது கெட்டுப்போனால்?

2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங் கிளம்பிய கேத்தே பசிபிக் 780-இல் அதுதான் நடந்தது. ஏர்பஸ் ஏ330 ரகம். உள்ளே 322 பேர். ஓடுபாதையில் பிரச்சினை எதுவும் தலைகாட்டவில்லை. மேலேறத் தொடங்கிய பிறகுதான் எஞ்சின் அளவுகள் லேசாக ஆடின.

சுரபாயா விமான நிலையத்தில் பூமிக்கடியில் ஓடும் எரிபொருள் குழாயை நீட்டித்தபோது உப்புநீர் கலந்துவிட்டது. தண்ணீரைத் தடுக்கத்தான் எரிபொருள் வண்டியில் வடிகட்டி இருக்கிறது. குழந்தைகளின் டயாபரில் ஈரத்தை உறிஞ்சும் அதே வகைப் பாலிமர் அதற்குள் உண்டு. தண்ணீர் பட்டதும் உப்பி, வழியை அடைத்துவிட வேண்டும். உப்புநீரிலோ அது சரியாக உப்பவில்லை. போதாததற்கு, பாலிமரே நுண்ணிய உருண்டைகளாகக் கழன்று எரிபொருளோடு போனது. காவலுக்கு வைத்ததே கன்னக்கோல் போட்ட கதை.

எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்று அளந்துவிடும் வால்வு மிக நெருக்கமான இடைவெளியில் நகரும். உருண்டைகள் அங்கே சிக்கி வால்வை இறுக்கிவிட்டன. வலது எஞ்சினில் உந்துவிசை ஏறவில்லை. இடது எஞ்சின் 70 சதவீதத்துக்கு மேல் சுழன்றபடி இறங்க மறுத்தது. எனக்கு இரண்டாவதுதான் பயங்கரமாகப் படுகிறது: உந்துவிசையே இல்லாவிட்டால் மிதந்தாவது இறங்கலாம், குறைக்கவே முடியாத உந்துவிசையை வைத்துக்கொண்டு எப்படித் தரையிறங்குவது?

கேப்டன் மால்கம் வாட்டர்ஸும் துணை விமானி டேவிட் ஹேஹோவும் இறக்கினார்கள், 231 நாட் வேகத்தில். மணிக்குச் சுமார் 428 கிலோமீட்டர். வழக்கமாக 135 நாட் சுமாருக்கு இருக்கும். பிரேக்குகள் பழுக்கக் காய்ந்தன, டயர்கள் காற்றிறங்கின. விமானம் நின்ற பிறகும் இடது எஞ்சின் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. எரிபொருளைத் துண்டித்த பிறகே அடங்கியது. பயணிகள் அவசரச் சறுக்குப் பாதைகளில் இறங்கி வெளியேறும்போது 57 பேருக்குக் காயம். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

பாலிமர் வைத்த வடிகட்டிகளை விமானத் துறை பின்னர் படிப்படியாகக் கைவிட்டது. தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக, மின்னணு உணரிகள் அது வருவதைக் கண்டு ஓட்டத்தையே நிறுத்தும் முறைகள் அந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.