ஐந்து எண்ணுக்கு 777 மணி நேரம்

பேட்டரி மாற்ற 20 நிமிடம் போதும். 10 மி.மீ. ஸ்பேனரால் டெர்மினல் இரண்டையும் கழற்றி, புதியதை வைத்து முறுக்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ரேடியோவைப் போடும்போதுதான் திரையில் ‘கோட்’ என்று வந்து நிற்கும். கரண்ட் போனதும், தன்னை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு செட் பூட்டிக்கொள்கிறது. 1990களிலும் 2000களிலும் அமெரிக்காவில் விற்ற ஹோண்டா அக்கார்டு, சிவிக் கார்கள் பலவற்றில் இந்தப் பூட்டு உண்டு.

பெரும்பாலான அந்த செட்களில் கோட் 5 இலக்கம். அதை அழுத்துவது ஸ்டேஷன் பொத்தான்களில். அவை 1 முதல் 6 வரைதான். ஆகவே 0, 7, 8, 9 கோடில் வராது. யாராவது 7 உள்ள எண்ணைத் தந்தால் அது அந்த செட்டுக்குரியதல்ல. 6 × 6 × 6 × 6 × 6 = 7,776. பத்துப் பொத்தான்கள் இருந்திருந்தால் 1,00,000 ஆகியிருக்கும். நூற்றுக்கு எட்டு கூட மிஞ்சவில்லை. இந்தக் குறையைக் காத்திருப்பு ஈடுகட்டுகிறது. 10 முறை தவறினால், செட்டை ஆன் செய்தபடியே 1 மணி நேரம் விட்டுவைத்த பிறகுதான் அடுத்த முயற்சி.

எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க 778 சுற்றுகள், இடையில் 777 மணி நேரம்: 32 நாள் 9 மணி. விரல் அழுத்த வேண்டியது 38,880 தடவை. செட் 1 ஆம்பியர் என்று கொஞ்சமாகவே எடுப்பதாக வைத்துக்கொண்டாலும் 777 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 17 முறை முழுதாக வடியும். பழைய ஃபோக்ஸ்வாகன் செட்கள் இன்னும் கறார். 4 இலக்கம், 2 தவறுக்கே 1 மணி நேரப் பூட்டு. 10,000 எண்களுக்கு 4,999 மணி நேரம், அதாவது 208 நாள் 7 மணி. திருடனுக்காகப் போட்ட கணக்கு இது. கோட் எழுதிய கார்டைத் தொலைத்த சொந்தக்காரரும், கைமாறி வந்த வண்டியை வாங்கியவரும் இதில் மாட்டிக்கொள்வதுதான் வருத்தம். ஊகித்துப் பார்ப்பதில் அவர்கள் ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்கக் கூடாது.

செலவில்லாத வழி இருக்கிறது. சாவியை ஆனில் வைத்து, 1, 6 பொத்தான்களை ஒன்றாக அழுத்தியபடி செட்டை ஆன் செய்தால், பல மாடல்களில் 8 இலக்க சீரியல் எண் திரையில் வரும். அதையும் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணையும் கொடுத்தால், அமெரிக்க ஹோண்டாவின் இணையதளம் கட்டணம் கேட்காமல் கோடைத் தருகிறது. கையேடு வைக்கும் கிளவ் பாக்ஸுக்குள் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

அதைவிட நல்லது, கரண்டையே விடாமல் பிடித்துவைப்பது. நிறுத்திய கார் எல்லாக் கதவும் மூடியிருந்தால் ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். 20 நிமிடத்துக்கு 17 மில்லி ஆம்பியர்-மணி. 9 வோல்ட் சின்ன பேட்டரியில் சுமார் 500 இருப்பதால் கணக்குப்படி அதுவே தாராளம். ஆனால் கதவைத் திறந்தால் 5 வாட் கேபின் விளக்கு மட்டும் 400 மில்லி ஆம்பியர் தின்னும். தூங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் விழித்துக்கொள்ளும். அதனால் யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அதை எங்கே இணைப்பது? சிகரெட் லைட்டர் சாக்கெட் பல வண்டிகளில் சாவியை எடுத்ததும் செத்துவிடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள கோளாறு கண்டறியும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 16ஆவது பின் எப்போதும் பிளஸ். 4, 5 இரண்டும் எர்த். அதற்கென்றே விற்கும் வயரை ஃபியூஸோடு வாங்கிச் செருகலாம். ஒன்றை மறக்கக் கூடாது: பழைய பேட்டரியிலிருந்து கழற்றிய பிளஸ் கிளாம்பில் அப்போதும் 12 வோல்ட் இருக்கும். பாடியில் பட்டால் தீப்பொறிதான். கையுறையோ ரப்பர் துண்டோ சுற்றிவைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பிறகு வந்த சில ஹோண்டா மாடல்களில் இத்தனையும் தேவைப்படுவதில்லை. செட்டின் பவர் பொத்தானைச் சுமார் 2 விநாடி அழுத்திப் பிடித்தால், அது வண்டியின் கம்ப்யூட்டரை அடையாளம் கண்டு தானே திறந்துகொள்ளும். கோடைத் தேடும் முன் இதை முயன்றுவிடுங்கள்.