ஸ்கேன் ரிப்போட்டில் கேட்காமல் வந்த வரி

மாவடிப்பள்ளியில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் வலி எடுத்தால் சம்மாந்துறைக்கோ கல்முனைக்கோ கொண்டுபோகிறார்கள். வயிற்றை ஸ்கேன் பண்ணுகிறார்கள். தேடியது கல், ரிப்போட்டிலோ ஈரலில் கொழுப்பு, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்று கேட்காத சங்கதிகளும் கூட வருகின்றன. ‘கட்டி’ என்று காதில் விழுந்ததுமே வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. மெல்லிய சுவரும் தெளிந்த நீரும் மட்டுமுள்ள சிறுநீரக நீர்க்கட்டி வயது போகப் போகப் பலருக்கும் வரும். அதற்கு மருந்தும் வேண்டாம், திரும்பத் திரும்ப ஸ்கேனும் வேண்டாம். நோவு தராத பித்தப்பைக் கல்லுக்கு வழமையாகச் சத்திரசிகிச்சை தேவையில்லை. ஈரல் கொழுப்பைக் கண்டால் சீனியையும் கொலஸ்ட்ரோலையும் சோதித்து, நிறையைக் குறைக்கப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகத்தில் திண்மக் கட்டி, பித்தப்பையில் 10 மில்லிமீற்றரை எட்டிய பொலிப், கணையத்தில் நீர்க்கட்டி, 3 சென்ரிமீற்றருக்கு மேல் வீங்கிய வயிற்றுப் பெருநாடி ஆகியவை வேறு. நோவு காட்டாமலே இருக்கும். விசேட வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எனக்குக் கவலை இவற்றைப் பற்றித்தான். கல் விழுந்து வலி போனதும் ரிப்போட் பொலித்தீன் பையோடு அலுமாரிக்குள் போய்விடுகிறது. தனியாரிடம் எடுத்த ஸ்கேன் அரச கிளினிக்குக்குத் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் இருப்பதை வாசித்துச் சொல்லவும் வீட்டில் ஆளிருக்காது.

ஆகவே வாய் திறந்து கேளுங்கள்: “டொக்டர், வந்த வருத்தத்தை விட வேறேதும் எழுதியிருக்கா? எவ்வளவு பெரிசு? திரும்ப எப்ப பார்க்கணும்?” பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய படம் கையில் இருந்தால்தான் கட்டி வளர்ந்ததா என்று ஒப்பிடலாம்.

அரச வைத்தியசாலையில் உங்கள் சொந்த மருத்துவக் குறிப்பு கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தனியார் நிலையங்களைப் பற்றி, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் பேரவையிடம் முறையிடலாம். வைத்தியரின் நடத்தை பற்றியதென்றால் இலங்கை மருத்துவ சபை இருக்கிறது.

உம்மா, வாப்பாவின் ரிப்போட்டுகளை இந்தக் கிழமையே தேடி எடுத்து, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.