துடைப்பம் எடுக்க ஆள் இல்லை!

எதிரிகள் யாரும் படையெடுத்து வரவில்லை. பஞ்சமும் இல்லை. கிடங்கு நிறைய அரிசி இருக்கிறது. ஆனாலும் ஒரு காலனியில் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுகிறார்கள். அடுக்களையைப் பெருக்க யாருக்கும் நேரம் இல்லை என்பதுதான் காரணம்!

இது நடப்பது கம்ப்யூட்டர் திரையில். விளையாட்டின் பெயர் 'ரிம்வேர்ல்டு'. கனடா நாட்டைச் சேர்ந்த டைனன் சில்வெஸ்டர் என்பவர் உருவாக்கியது. 2013-ம் ஆண்டில் ஆரம்ப வடிவில் வெளிவந்து, 2018 அக்டோபரில் முழு வடிவம் பெற்றது.

விண்கலம் உடைந்து, முன்பின் தெரியாத ஒரு கிரகத்தில் மூன்று பேர் வந்து விழுகிறார்கள். அவர்கள் வீடு கட்ட வேண்டும், பயிர் வைக்க வேண்டும், சமைக்க வேண்டும், காயத்துக்குக் கட்டுப் போட வேண்டும். ஆடுகிறவர் அவர்களை அடிக்கு அடி கையைப் பிடித்து நடத்துவதில்லை. இன்னாருக்கு இன்ன வேலை என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். மற்றதை அவர்களே பார்த்துக் கொள்கிறார்கள்.

துப்பாக்கிச் சண்டையும் உண்டு. அதைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே துடைப்பத்தைப் பற்றி மட்டும் பார்க்கலாம்.

கடைசிக்கு முந்திய கட்டம்

வேலைப் பட்டியல் இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் தீயணைப்பு. அப்புறம் வைத்தியம், சமையல், வேட்டை, கட்டடம், விவசாயம், சுரங்கம், கொல்லு, தையல் என்று வரிசையாகக் கட்டங்கள். பெருக்கித் துடைக்கும் வேலை எங்கே இருக்கிறது என்று தேடினால், கடைசிக்கு முந்திய கட்டத்தில் கிடக்கிறது. அதற்கும் பின்னால் இருப்பது ஆராய்ச்சி ஒன்றுதான்.

எல்லா வேலைக்கும் ஒரே மதிப்புக் கொடுத்தால், ஆட்கள் இடப்பக்கம் உள்ளதை முடித்துவிட்டுத்தான் வலப்பக்கம் வருவார்கள். காலனியில் வேலை என்றைக்குத் தீர்ந்தது? மரம் வெட்ட வேண்டியிருக்கும், சுவர் எழுப்ப வேண்டியிருக்கும், மூட்டை தூக்க வேண்டியிருக்கும். எல்லாருக்கும் பெருக்கத் தெரியும். எல்லார் பெயருக்கு நேரேயும் அந்த வேலை குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் தரை மட்டும் அழுக்காகவே கிடக்கும்.

நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்குகிற நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஷிப்டுக்குப் போக வேண்டும், சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அறையைக் கூட்டுவது ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போகும். அந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு ஆகும்!

விளையாட்டில் மண் தரையில் நடந்தவன் உள்ளே வந்தால் காலோடு மண்ணும் வருகிறது. கால்நடைகளும் அழுக்கைக் கொண்டு வருகின்றன. காயம்பட்டவனைத் தூக்கி வந்தால் வழியெல்லாம் ரத்தம். வெளியே கிடக்கும் அழுக்கை மழை கழுவிவிடும். கூரைக்குக் கீழே கிடப்பதை ஆள்தான் துடைக்க வேண்டும்.

வெறும் மண் தரை என்றால் எத்தனை முறை பெருக்கினாலும் பயன் இல்லை. மண்ணையே அழுக்கு என்று விளையாட்டு கணக்கு வைத்திருக்கிறது. கல் பாவினால்தான் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். ஆஸ்பத்திரிக்கு என்றே கிருமி நீக்கிய ஓடு ஒன்று உண்டு. விலை அதிகம். ஆனால் அதைப் பதித்தால் சுத்தம் பூஜ்யத்துக்கு மேலே ஏறுகிறது.

வாந்தியும் வைத்தியமும்

அழுக்கு வெறும் கண்ணுக்கு அசிங்கம் என்று விட்டுவிட முடியாது. அடுக்களையின் சுத்தம் குறையக் குறைய, சமைத்த சாப்பாடு விஷமாகும் வாய்ப்பு ஏறுகிறது. மிக மோசமான அடுக்களையில், தேர்ந்த சமையல்காரரே சமைத்தாலும், நூறு சாப்பாட்டில் ஐந்து வரை கெட்டதாக இருக்கும். ஐந்துதானே என்று தோன்றும். பத்துப் பேர் தினம் இரண்டு வேளை சாப்பிட்டால் தினமும் ஒருவர் விழுந்தாக வேண்டும்.

விழுந்தவர் சும்மா படுத்திருப்பதில்லை. நடந்த இடமெல்லாம் வாந்தி எடுக்கிறார். அதுவும் அழுக்குக் கணக்கில் சேருகிறது. பெருக்க வேண்டியவரே படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. கறி வெட்டும் மேஜையை அடுப்புக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். பக்கத்தில் இருந்தால் நடை மிச்சம் என்று எண்ணம். வெட்டும்போது ரத்தம் சிந்துவது ஒரு பக்கம். அந்த மேஜையே பெரிய அழுக்காகக் கணக்கில் வருகிறது. வெட்டுவதைத் தனி அறைக்கு மாற்றினால் பாதித் தொல்லை தீர்ந்தது. எந்தக் கசாப்புக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்தான்.

ஆஸ்பத்திரி அறையில் நிலைமை இன்னும் கடுமை. அழுக்கு அறையில் கட்டுப் போட்டால் காயம் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிடித்துவிட்டால் நோய்க்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் ஓட்டப் பந்தயம். நோய் முந்தி நூற்றைத் தொட்டால் ஆள் காலி. சில சமயம் காலையோ கையையோ வெட்டி உயிரைக் காப்பாற்ற வேண்டி வரும். குண்டுக் காயத்தில் பிழைத்தவன் தரை அழுக்கில் சாகிறான்!

பிரபு வீட்டுப் பிள்ளைகள்

இந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. ஒருவர் விவசாயி, ஒருவர் சிப்பாய், ஒருவர் டாக்டர். சிலர் செல்வாக்கான இடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்படிப்பட்ட சிலரின் பெயருக்கு நேரே 'மூட்டாள் வேலை செய்யமாட்டார்' என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். மூட்டை தூக்குவதும், பெருக்குவதும் அந்த வகையில் சேர்த்தி.

அவரைக் கெஞ்சவும் முடியாது, அதட்டவும் முடியாது. பட்டியலில் அந்தக் கட்டமே அவருக்கு இல்லை. காலடியில் வாந்தி கிடந்தாலும் தாண்டிப் போய்ச் சாப்பிட உட்காருவார். அப்புறம், இடம் அசிங்கமாக இருக்கிறது என்று மனம் கெட்டுப் போவதும் அதே பிரபுதான். பெருக்கும் வேலைக்கு அந்தப் பெயரைச் சூட்டியது கனடாக்காரர்களாக இருந்தாலும், படித்தவுடன் நமக்கு வேறு பல முகங்கள் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. சமையல், வைத்தியம், சுரங்கம் என்று பல வேலைகளுக்குத் திறமை எண் உண்டு. செய்யச் செய்ய அது 20 வரை ஏறும். பெருக்குவதற்கு அப்படி எண் எதுவும் கிடையாது. எத்தனை வருஷம் பெருக்கினாலும் அவர் கற்றுக்கொண்டது என்று எங்கேயும் பதிவாவதில்லை.

ஆகவே ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? வேறு எதற்கும் உதவாதவர் என்று தோன்றும் ஒருவரைப் பிடித்து, பெருக்கும் வேலைக்கு முதல் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். காலனி அன்றிலிருந்து மாறுகிறது. வாந்தி நிற்கிறது, காயம் ஆறுகிறது. சுத்தமான அறையில் ஆராய்ச்சிகூட வேகமாக நடக்கிறது. நல்ல டாக்டர் இல்லாத காலனி சில நாள் தாங்கும். அந்த ஒருவர் படுத்துவிட்டால் தாங்குவது கஷ்டம். இது புரிந்தவர்கள், வேலையை ஒருவர் தலையில் கட்டாமல், பெருக்க வேண்டிய எல்லையைச் சுருக்கி, இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

2022 அக்டோபரில் 'பயோடெக்' என்ற சேர்க்கை வந்தது. அதில் பெருக்குவதற்கே ஓர் இயந்திரம் உண்டு. முகம் சுளிக்காது, சம்பளம் கேட்காது. ஆனால் அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் இடத்தில் விஷக் கழிவு மூட்டைகள் சேரும். அவற்றை அப்படியே விட்டால் கரைந்து நிலம் பாழாகும். அந்த மூட்டையைத் தூக்க மறுபடியும் ஆள் வேண்டும்!

கை கழுவும் திசை

ரிம்வேர்ல்டில் ஒரு குறை, யாரும் குளிப்பதில்லை. கழிப்பிடமும் இல்லை. ரசிகர்கள்தான் அதற்குத் தனிச் சேர்க்கை செய்து போட்டுக் கொண்டார்கள். கழிப்பிடத்தை நேராக எடுத்துக்கொண்ட விளையாட்டு வேறொன்று. அதுவும் கனடாவிலிருந்து வந்ததுதான். கிளெய் நிறுவனம் 2019-ல் முழு வடிவில் வெளியிட்ட 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்'.

இதிலும் மூன்று பேர்தான் தொடக்கம். பூமிக்கடியில் அடைபட்ட வாழ்க்கை. காற்றையும் அவர்களே உண்டாக்கிக் கொள்ள வேண்டும். முதலில் கட்டுவது எடுப்புக் கக்கூஸ். 15 தடவை பயன்படுத்தினால் ஒருவர் வந்து அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை கதவு திறக்காது. அவசரத்துக்கு இடம் கிடைக்காதவர் நின்ற இடத்திலேயே போய்விடுவார். அந்தத் தண்ணீர் தேங்கி, மூச்சுக் காற்றையும் கெடுக்கும்.

அப்புறம் குழாய் போட்ட கழிப்பிடம் வருகிறது. ஒரு தடவைக்கு 5 கிலோ நல்ல தண்ணீர் செலவு. 11.7 கிலோ அழுக்குத் தண்ணீர் வெளியே வரும். மணல் வடிகட்டியில் விட்டால் தெளிந்த நீர் கிடைக்கும். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், கிருமி மட்டும் போகாது. அந்த நீரைத் திரும்பக் கழிப்பிடத்துக்கே விட்டுக்கொண்டால் பாதகம் இல்லை. அடுக்களைக்கு விட்டால் வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கு வந்தவர் அடிக்கடி கழிப்பிடம் போவார். வரிசை நீளும்.

கை கழுவும் தொட்டிக்கு இதில் ஓர் அம்புக்குறி உண்டு. எந்தத் திசையில் போகிறவர் கழுவ வேண்டும் என்று அது காட்டும். கழிப்பிடத்துக்கு இரண்டு பக்கமும் வழி இருந்து, ஒரு பக்கம் மட்டும் தொட்டி வைத்தால், மறுபக்கமாகப் போகிறவர் கழுவாமலேயே நேரே அடுக்களைக்குப் போய்விடுவார். அவர் மேல் தப்பு இல்லை, வழியில் தொட்டி இல்லை. பழகியவர்கள் ஒரு பக்கத்தைச் சுவர் வைத்து அடைத்துவிடுகிறார்கள். தொட்டியைத் தாண்டாமல் யாரும் வெளியே வர முடியாது.