குழந்தைகள் உள்ள உழவர் வீட்டில் நஞ்சில்லா முறைகள்

பயிர்ப் பாதுகாப்பு என்றதும் வயலில் நிற்கும் பயிரைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் வயலுக்கென்று வாங்கிய மருந்து முதலில் வந்து சேருவது பெரும்பாலும் வீட்டிற்குத்தான். பரணிலோ, திண்ணை மூலையிலோ, சமையலறை மாடத்திலோ அது தங்கிவிடுகிறது. நெல் மூட்டைக்கு ஒரு மாத்திரை, எலிக்குச் சிறிது விஷம், கொல்லையிலுள்ள அவரைக்கு மீதமிருந்த மருந்து என்று வீட்டுத் தேவைகளுக்கும் அதையே எடுக்கிறோம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இப்பழக்கம் பேராபத்தானது. இத்தேவைகளில் பெரும்பாலானவற்றை நஞ்சின்றியே நிறைவேற்றிக்கொள்ள முடியும். அதற்கான எளிய முறைகளை இங்கே காண்போம்.

குழந்தைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகமாக உண்கிறார்கள். அதிகமாக நீர் அருந்துகிறார்கள். அதிகமாகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆகவே, ஒரே அளவு நஞ்சு பெரியவரைவிடக் குழந்தையைக் கடுமையாகத் தாக்கும். மேலும் குழந்தை தரையில் தவழ்கிறது. கையில் அகப்பட்டதை வாயில் வைக்கிறது. மருந்துப் புட்டியிலுள்ள சாய்சதுரக் கட்டத்தின் கீழ்ப்பாதி நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை நிறம் இருப்பதால் குழந்தைக்குத் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

2013-ம் ஆண்டு ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததை ஆய்வகச் சோதனை காட்டியது. உணவுப் பொருளும் நஞ்சும் ஓரிடத்தில் சேரவே கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தானியச் சேமிப்பு

வீட்டுக்குள் நெல்லுக்கும் பயறுக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பது கூடவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு உயிரைக் கொல்லக்கூடியது. அருகில் உறங்குபவர்கள் அறியாமலேயே அதைச் சுவாசித்துவிடுவார்கள்.

இதற்குப் பதிலாக, தானியத்தை நன்கு காயவைப்பதே முதல் பாதுகாப்பாகும். நெல்லின் ஈரம் 12 சதவீதத்திற்கு மிகாமல் இருந்தால் பூச்சிகள் பெருகுவது குறையும். பழைய சாக்குகளில் பூச்சிகளின் முட்டையும் புழுவும் தங்கியிருக்கும். எனவே அவற்றைக் கொதிநீரில் 15 நிமிடம் அமிழ்த்தி, வெயிலில் உலர்த்திய பிறகே உபயோகிக்க வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் போடாமல், பலகை மீது சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

பயறு வண்டு வயலிலேயே காய்களின் மேல் முட்டையிட்டு, அறுவடையுடன் வீட்டிற்கு வந்துவிடும். துவரை, உளுந்து போன்றவற்றை முழுப் பயறாக வைக்காமல் பருப்பாக உடைத்து வைத்தால் இவ்வண்டின் சேதம் வெகுவாகக் குறையும். முழுப் பயறாகவே வைக்க வேண்டுமானால், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி சமையல் எண்ணெயைச் சீராகப் பிசறி வைக்கலாம். எண்ணெய்ப் பூச்சினால் முட்டைகள் பொரிப்பது தடைப்படும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறியும் நல்ல பலன் தரும். துளைகள் கொண்ட இக்குழாயைத் தானியத்தில் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து அடியிலுள்ள கூம்பில் விழுந்துவிடும். அவற்றை வாரந்தோறும் எடுத்து அழித்துவிடலாம். தானியத்தில் வண்டு விழத் தொடங்கியதையும் இப்பொறி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

எலிக்கு வீட்டுக்குள் விஷம் வைக்க வேண்டாம். மாவிலோ பொரியிலோ கலந்து வைத்த விஷத்தைக் குழந்தை தின்பண்டமென்று எண்ணிவிடும். வீட்டில் எலிப்பொறியும் வயலில் தஞ்சாவூர்க் கிட்டியும் போதுமானவை.

கொல்லைக் காய்கறிகள்

வீட்டுக் கொல்லையில் விளையும் கீரையும் காயும் பறித்த அன்றே குழந்தையின் தட்டுக்கு வந்துவிடுகின்றன. மருந்து தெளித்த பின் காத்திருக்க வேண்டிய நாட்களை இங்கே எவரும் கடைப்பிடிப்பதில்லை. ஆதலால் கொல்லையில் இரசாயன மருந்தை அறவே தவிர்ப்பது நல்லது.

கத்தரியில் வாடித் தொங்கும் நுனித்தண்டுகளையும் துளையுள்ள காய்களையும் அவ்வப்போது கிள்ளி அழித்தால் தண்டு, காய்த்துளைப்பான் பெருகாது. வெள்ளை ஈக்களைக் கவர்ந்து பிடிக்க, மஞ்சள் வண்ணத் தகட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடலாம். அவரையில் அசுவினி கண்டால், நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

அப்படியும் கட்டுப்படாவிட்டால் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, 1 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைக்கவும். காலையில் பிழிந்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, அன்று மாலையே தெளித்துவிட வேண்டும்.

கொல்லைப் பப்பாளியில் மாவுப்பூச்சி கண்டதும் மருந்து அடிக்க முற்பட வேண்டாம். 2008-ல் கோவைப் பகுதியில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவிக்கப்பட்ட அசரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி கட்டுப்படுத்திற்று. நாம் தெளிக்கும் மருந்து இக்குளவியைத்தான் முதலில் கொல்லும்.

இயற்கைப் பொருளிலும் எச்சரிக்கை

செடியிலிருந்து கிடைப்பவை எல்லாம் குழந்தைக்குத் தீங்கற்றவை என்று கருதிவிடக் கூடாது. புகையிலைக் கஷாயத்திலுள்ள நிகோடின் கொடிய நஞ்சு; அது தோல் வழியாகவும் உடலில் ஏறும். வேப்பெண்ணெய் பயிருக்கு நல்ல மருந்தெனினும், கைக்குழந்தைக்கு வாயில் புகட்டினால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்டதுண்டு. ஆகவே இவற்றையும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

வயலுக்கு மருந்து தேவைப்படும்போது

வயலில் சில சமயம் மருந்து தெளிப்பது தவிர்க்க முடியாததாகிவிடும். அப்போது அன்றைய தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மீதமானால் வீட்டிற்கு வெளியே பூட்டிய பெட்டியில், அதன் சொந்தப் புட்டியிலேயே வைக்கவும். குளிர்பானப் புட்டிக்கு மாற்றி வைப்பதே பல குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, மறுபடி எவரும் பயன்படுத்தாதபடி புட்டியைத் துளையிட்டுவிட வேண்டும். எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ அதை எடுக்கக் கூடாது.

தெளித்துவிட்டு வந்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். அந்த உடைகளைக் குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

நஞ்சு உட்கொண்டால்

எச்சில் ஒழுகுதல், வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை பலவகைப் பூச்சிக்கொல்லி நஞ்சின் அறிகுறிகளாகும். குழந்தையை வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். பாலோ எண்ணெயோ உப்புநீரோ புகட்டாதீர்கள். மருந்து பட்ட உடையைக் களைந்து, தோலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தூய நீரால் அலசுங்கள். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். மருந்துப் புட்டியையோ அதன் சீட்டையோ தவறாமல் உடன் கொண்டு போங்கள். எந்த நஞ்சென்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்க மாற்று மருந்தைக் காலம் கடத்தாமல் கொடுக்க முடியும்.

இன்றே உங்கள் பரணையும் மாடத்தையும் ஒரு முறை பாருங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியோ, பழைய எலி விஷமோ இருந்தால் அவற்றைக் குழந்தைகள் புழங்கும் இடத்திலிருந்து உடனே அப்புறப்படுத்திப் பூட்டி வையுங்கள். அவற்றைப் பாதுகாப்பாக அழிக்கும் முறையை உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்து செயல்படுங்கள்.