வழக்கும் வழித்துணையும்

மங்களூர் என்றவுடன் வெளியூர் அன்பர்கள் அரபிக் கடலோரத்துப் பட்டினத்தையே நினைத்துக்கொள்கிறார்கள். நாம் கூறுவது விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடிச் சீமையில், மழையையும் கிணற்றையும் நம்பிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கின்ற நம் மங்களூரை. இப்பக்கத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் காலைப் பஸ்ஸில் ஏறினால், மடியில் மஞ்சள் பையை அணைத்தபடி ஒரு பெரியவர் அமர்ந்திருப்பதைக் காணலாம். பையினுள் சிட்டா நகலும், பழுப்பேறிய கிரயப் பத்திரமும், இன்னதென்று தமக்கே விளங்காத ஒரு சம்மனும் இருக்கும். பீங்கான் பட்டறைக்குக் கூலி வேலைக்குச் செல்பவரும் அதே பஸ்ஸில்தான் வருகிறார். அவருக்குத் தாம் போகும் இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். மண் பிசைவதோ, அச்சில் வார்ப்பதோ, சூளைக்கு அடுக்குவதோ அவர் கை அறிந்த வேலை. கோர்ட்டுக்குச் செல்லும் பெரியவருக்கோ எந்த வாசலில் நுழைவது என்பதே தெரியாது.

இத்தகையோருக்குக் கூலி கேளாமல் துணை நின்ற வக்கீல் ஒருவரைப் பற்றியும், அவரைப்போல் நிற்கக்கூடிய இளைஞர்களைப் பற்றியும் இம்மாதம் எழுத எண்ணினோம். அதற்குத் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. விருத்தாசலத்துக்குக் கிழக்கே, கம்மாபுரம் பக்கத்தில் முதனை என்னும் கிராமம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வூரைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற குறவர் இனத்து உழைப்பாளி, ஒரு நகைத் திருட்டின் சந்தேகத்தின்பேரில் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருக்கு முன்பே அவர் மனைவி பார்வதியையும் உறவினரையும் கொண்டுபோயிருந்தார்கள். அடி உதைக்குப் பிறகு, ஆள் தப்பி ஓடிவிட்டான் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அவர் உடல் மாவட்ட எல்லைக்கு அப்பால், மீன்சுருட்டிப் பக்கத்தில், பெயர் தெரியாத பிணமாகக் கிடந்தது.

அந்த இனத்தாரை ஏன் முதலில் பிடிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று வெள்ளையர் 1871இல் கொண்டுவந்த சட்டம், பிறப்பைக்கொண்டே மனிதரைத் திருடராக எழுதி வைத்தது. அது பின்னர் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவரில் பல பிரிவினர் அதற்குள் அடைக்கப்பட்டனர். 1952க்குள் நாடெங்கும் அச்சட்டம் ரத்தாகிவிட்டது. ஏட்டிலிருந்து போனது நினைப்பிலிருந்து போகவில்லை என்பதற்கு முதனை சாட்சி.

பார்வதி அம்மையாருக்கு எழுத்தறிவும் இல்லை, பணமும் இல்லை. ஊர்ப் பொதுநல ஊழியர் சிலரின் துணையோடு அவர் சென்னையில் கே. சந்துரு என்னும் வக்கீலிடம் வந்து சேர்ந்தார். மனித உரிமை வழக்குகளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்ற நியமமுடையவர் சந்துரு. அவர் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். இதன் பொருளை நம் அங்கத்தினர் தெரிந்துகொள்வது நல்லது. ஒருவரைச் சர்க்காரோ வேறெவரோ அடைத்து வைத்திருப்பதாகத் தோன்றினால், ஆளை எம்முன் கொண்டுவந்து நிறுத்துக என்று நீதிமன்றம் கட்டளையிடும்படி கேட்பதே இம்மனு. பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களைக் கொண்டே இது முடிவாகும். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது அபூர்வம். ஆனால் கேரளத்தில் நெருக்கடி நிலைக் காலத்தில் போலீஸாரால் கொண்டுசெல்லப்பட்ட ராஜன் என்ற பொறியியல் மாணவருக்காக, அவர் தந்தை ஈச்சர வாரியர் 1977இல் தொடர்ந்த ஆட்கொணர்வு வழக்கில் சாட்சி விசாரணை நடந்தது. சென்னையிலும் அவ்வழி திறந்தது. நிலையத்தில் நடந்ததைக் கண்டவர்கள் நீதிபதிகளின் முன் வாய் திறந்து சொன்னார்கள். வழக்கு 2006 வரை நீண்டது. போலீஸார் தண்டனை பெற்றனர்.

இக்கதையை ‘ஜெய் பீம்’ என்ற பெயரில் 2021இல் வெளிவந்த படத்தின் மூலம் நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். படத்தில் அக்குடும்பம் இருளர் என்று காட்டப்பட்டது. மெய்யாக அவர்கள் குறவர். படத்தில் எல்லாம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மெய்யில் 13 ஆண்டுகள், கூலி வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா அலைந்த சாட்சிகளின் பொறுமையும் அதில் அடங்கியிருக்கிறது. அதைப் படமெடுத்தால் பார்ப்பார் இல்லை.

சந்துரு சட்டத்துக்கு வந்த வழியும் நம் மாவட்டத்தைத் தொட்டே செல்கிறது. 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போலீஸ் தடியடியை அடுத்து உதயகுமார் என்ற மாணவர் இறந்தார். அதனை விசாரித்த கமிஷன் முன், மாணவர் இயக்கத்தில் ஈடுபட்டிருந்த சந்துரு மாணவர் தரப்பில் நின்று பேசினார். அப்போது அவர் வக்கீலும் அல்லர், சட்ட மாணவரும் அல்லர். பேச்சைக் கேட்ட நீதிபதியே, நீ சட்டம் படிக்கலாமே என்று யோசனை கூறினாராம். 1973இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, 1976இல் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். பிற்காலத்தில் ஹைகோர்ட்டு நீதிபதியாகி, சுமார் 96,000 வழக்குகளுக்கு முடிவு கண்டு, 2013 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அன்று சர்க்கார் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்பினார்.

அவருடைய பணி ஓய்வோடு நிற்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், மாணவரிடையே சாதிப் பகையைத் தவிர்க்கும் வழிகளை ஆராயும் பொறுப்பைச் சர்க்கார் அவரிடம் ஒப்படைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்பவற்றோடு, எல்லாச் சமூகப் பிள்ளைகளும் சேரும் ‘சமூக நீதி மாணவர் படை’ ஒன்று வேண்டும் என்றும் யோசனை கூறினார். இவற்றைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன, எழட்டும். கயிற்றின் நிறம் என்ன செய்யும் என்று கேட்பவர், மாலையில் பள்ளி விடும்போது பஸ் நிறுத்தத்தில் சற்று நின்று பார்க்கலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். எல்லார்க்கும் ஒரு சந்துரு கிடைக்கமாட்டார். ஏழைக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவு கூறுகிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் அது சேர்ந்தது. அதனை நடைமுறையாக்கச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9இல் அமலுக்கு வந்தது. இதன்படி மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு, வட்டத்துக்கு ஒரு குழு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், ஊனமுற்றோர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமலே வக்கீல் வைத்துக் கொடுக்கப்படும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு.

இலவச வக்கீல் சரியாக வாதாடுவாரா என்று நம் அங்கத்தினர் பலர் ஐயுறுகிறார்கள். ஐயம் முழுதும் ஆதாரமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். இவ்வேலைக்குக் கிடைக்கும் ஊதியம் சொற்பம். சிரத்தையோடு செய்பவரும் உண்டு, தேதி வாங்குவதோடு நிற்பவரும் உண்டு. ஆனால் ஏற்ற வழக்கைச் சரிவர நடத்தாவிட்டால், அதே குழுவிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீலைக் கேட்கலாம் என்பதைப் பலர் அறியார். மக்கள் நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே இரு தரப்பும் இசைந்தால்தான் தீர்வு. கோர்ட்டில் முன்பு கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். தீர்வு ஆனபின் அப்பீல் கிடையாது. ஆகவே அவசரத்தில் தலையசைக்கவேண்டாம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. 2009இல் வகுத்த திட்டத்தின்படி, சட்டம் படிக்கும் மாணவர் வக்கீலாகப் பதிவாகும் வரை சட்டத் தன்னார்வலராகப் பணியாற்றலாம். விழுப்புரத்திலேயே 2017இல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. நம் உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்க முடியும். அவர்கள் வாதாட வேண்டியதில்லை. சம்மனைப் படித்துச் சொல்வது, மனு எழுதுவது, எந்த அலுவலகம் என்று காட்டி உடன் செல்வது ஆகிய இவையே போதும். மஞ்சள் பைக்காரருக்கு வேண்டியதும் இதுதான். பள்ளிகளுக்குச் சென்று, பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணமுடிப்பது குற்றம் என்பதையும், முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு விரோதம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். வீட்டுக்கு அப்பேச்சைக் கொண்டுசெல்பவர்கள் பிள்ளைகளே.

கூட்டுறவுச் சங்கத்துக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நூல் வாங்கவும் விதை வாங்கவும் வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கடன் பட்டவர் நம்மவரே. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்திருக்கிறது. அதன்படி புகார் எழுத ஒரு கை வேண்டும். சங்கத்தோடு அங்கத்தினருக்குள்ள தகராறு கோர்ட்டுக்குப் போகாது, 1983ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி பதிவாளரிடம் போகவேண்டும் என்பதை அறியாமல் முன்சீப் கோர்ட்டில் ஆண்டுகளை இழந்தவர்களும் உண்டு. சங்கக் கட்டடத்தின் திண்ணை மாதத்தில் பெரும்பாலான நாட்கள் காலியாகவே கிடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அதனைச் சட்ட மாணவருக்கு ஒழித்துத் தருமாறு நிர்வாகக் குழுக்களை வேண்டுகிறோம். மேடையும் மாலையும் வேண்டாம். இரண்டு பெஞ்சும் குடிநீரும் போதும்.

காத்திருக்க முடியாதவர் 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசலாம். வட்டக் குழு அலுவலகம் விருத்தாசலம் கோர்ட்டில் இருக்கிறது. செல்லும்போது குடும்ப அட்டையையும், வழக்குத் தாள்களின் நகலையும் எடுத்துச் செல்க. அசல் பத்திரத்தை வீட்டிலேயே பூட்டி வைக்கவும்.